முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. நெல், கரும்பு, மல்லாட்டை, முந்திரி விளைகிற வட்டாரம். கோதுமை ஒரு காணியில்கூடக் கிடையாது. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் கடைத்தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படுவதில் பாதி கோதுமைதான். கல்லில் அடுக்கடுக்காகப் பரோட்டா, டீக்கடை பாட்டிலில் பன்னும் பொறையும், மளிகைக் கடையில் ரவை, சேமியா, மைதா, மருந்துக் கடை அலமாரியில் ஹார்லிக்ஸ். சர்க்கரை நோய் இருக்கிற வீட்டில் இரவுக்குச் சப்பாத்தி என்பது எழுதாத சட்டம். 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் கோதுமை ரவை உப்புமாவும் பள்ளிப் பிள்ளைகளின் காலைத் தட்டுக்கு வழக்கமாகிவிட்டன.

இதே ஊரில், இதே கடைத்தெருவில், கோதுமையை அறவே விட்டவர்களும் கூடிக்கொண்டே வருகிறார்கள். நியாண்டர் செல்வனின் எழுத்து வழியாகத் தமிழில் பரவிய பேலியோ உணவுமுறைக்கு மாறித் தானியத்தையே ஒதுக்கியவர்கள் உண்டு. மைதா விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியைப் பார்த்துப் பரோட்டாவைத் தொடாதவர்கள் உண்டு. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பு, கேழ்வரகு, வரகுக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. டென்னிஸ் வீரர் ஜோகோவிச் குளுட்டனை விட்ட பிறகு ஆட்டமே மாறிவிட்டது என்று படித்துவிட்டு முயன்று பார்த்த இளைஞர்களும் உண்டு. இவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு தொந்தரவு இருந்திருக்கும். சாப்பிட்டதும் வயிறு உப்புவது, அடிக்கடி வெளிக்குப் போவது, எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ஏறாத ரத்தம், தீராத அசதி. கோதுமையை விட்டதும் உடம்பு தேறிவிடுகிறது. உண்மையாகவே தேறுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கோதுமையால் உடம்பு கெடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது சீலியாக் நோய். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும், நோயாளி அப்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். கோதுமையை விட்டு மாதக்கணக்கான பிறகு ரத்தம் கொடுத்தால் நோய் இருப்பவருக்கும் ‘நெகட்டிவ்’ என்றே வரலாம். அந்தக் காகிதத்தை நம்பி ஒருவர் மறுபடி பரோட்டாவுக்குப் போவார். இன்னொருவர் தனக்கு என்ன நோய் என்றே தெரியாமல் ஆயுள் முழுக்கப் பத்தியம் இருப்பார். இரண்டும் நடக்கின்றன.

ரிப்போர்ட்டில் இல்லாத விடை

மங்கலம்பேட்டையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெண் பி.எட். படிக்கிறாள். பள்ளி நாளிலிருந்தே வெளுத்த முகம், ஒட்டிய கன்னம். ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டினால் வீட்டில் விசேஷம். பூச்சி மருந்து, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுண்டைவற்றல், அரசு ஆஸ்பத்திரி இரும்புச்சத்து மாத்திரை என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள் என்று சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் வயிறு அடங்கியது. முகத்தில் தெளிச்சி வந்தது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அரை வருடம் கழித்து அப்பா அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தார். நெகட்டிவ்.

வீட்டில் பாரம் இறங்கியது. ஆயாதான் முதலில் பேசியது. “அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துட்ச்சே கண்ணு. எலும்பும் தோலுமா கெடக்குற, ரெண்டு பரோட்டா தின்னேன்.”

புதுச்சேரியில் குடல் நோய் மருத்துவர் ஒருவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டியபோது அவர் அதைப் பார்க்கும் முன்பே கேட்டார்.

“எவ்ளோ நாளாம்மா கோதுமை சாப்பிடல?”

“ஆறு மாசம் ஆவுது சார். தொடறதே இல்ல.”

“அப்ப இத வெச்சி இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதும்மா.”

“செலவு பண்ணது வீண்தானா சார்?” என்று அப்பா கேட்டிருக்கிறார்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் காசும் மிச்சம், குழப்பமும் மிச்சம். இப்படியான பரிசோதனைக்குச் சீட்டு எழுதும்போதே “இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பது, சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் “வெறும் வயிறா?” என்று கேட்பதைப் போலக் கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இப்படி? கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளுட்டன் வகைப் புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுத்த இழுப்புக்கு வருவது இதனால்தான். சீலியாக் நோய்க்கான மரபணு உள்ள சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக நினைத்துப் போர் தொடுக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் அந்தப் போரில் மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்பே போய்விட்ட பிறகு இரும்புச்சத்து மாத்திரை எப்படி ஒட்டும்? ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அதே வழியில் வீணாகும். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாமல் ரத்தசோகை மட்டும். வளர்ச்சி நின்ற குழந்தை, வயதுக்கு மீறித் தேய்ந்த எலும்பு, தள்ளிப்போகும் குழந்தைப்பேறு, ஆறாத வாய்ப்புண் என்று பல வேடங்களில் வரும்.

இந்தப் போரின்போது உடம்பு சில எதிர்ப்பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் முக்கியமானது டி.டி.ஜி. எனப்படும் ‘டிஷ்யூ டிரான்ஸ்குளுட்டமினேஸ்’ என்ற நொதிக்கு எதிரானது. அந்த நொதிதான் தாக்குதலின் இலக்கு என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997-இல் கண்டு சொன்ன பிறகு, ரத்தப் பரிசோதனையிலேயே நோயைச் சந்தேகிப்பது இன்னும் எளிதானது. கோதுமையை நிறுத்தியதும் போர் ஓய்கிறது. எதிர்ப்பொருளின் அளவு சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கி, ஆறு மாதம் ஒரு வருடத்தில் பலருக்கு இயல்பு நிலைக்கு வந்துவிடும். குடலுறிஞ்சிகளும் மெல்ல முளைத்துவிடும். அதற்குப் பிறகு பரிசோதிப்பது அடுப்பை அணைத்துவிட்டுப் புகையைத் தேடுவதுதான்.

வாழைப்பழமும் ரொட்டியும்

எதைத் தின்றால் தேறுகிறோம் என்பதை வைத்து என்ன நோய் என்று முடிவு கட்டினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இந்த நோயின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1888-இல் இதைத் தெளிவாக விவரித்து, குணமாக்க வழி உண்டென்றால் அது உணவு வழியாகத்தான் இருக்கும் என்றும் எழுதினார். எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் வாழைப்பழப் பத்தியத்தை அறிமுகப்படுத்தினார். ரொட்டியும் தானியமும் கூடாது, வாழைப்பழம் தாராளம். செத்துப் பிழைத்த பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து என்று உலகமே நம்பியது. ரொட்டியை விட்டதுதான் காரணம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. குணமாகிவிட்டது என்று எண்ணி மறுபடி ரொட்டி தின்ற பிள்ளைகள் மறுபடி படுத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் வில்லம் கரேல் டிக்கே. தி ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1930-களிலேயே கோதுமை மேல் அவருக்குச் சந்தேகம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. துலிப் செடியின் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிடித்தார்கள். ஊரே வாடியபோது, ரொட்டி கிடைக்காததால் சீலியாக் பிள்ளைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் திரும்ப விழுந்தார்கள்.

டிக்கே அதோடு நின்றுவிடவில்லை. நான் அவரை மதிப்பது இந்த இடத்தில்தான். பஞ்சத்தில் கண்டதை ஆதாரம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. போருக்குப் பிறகு சகாக்களோடு சேர்ந்து, பிள்ளைகளுக்குக் கோதுமையை நிறுத்தியும் கொடுத்தும், மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து பார்த்தார். கோதுமையும் ரையும் கொடுத்தால் கெடுகிறது. மக்காச்சோளமோ அரிசி ஸ்டார்ச்சோ கொடுத்தால் கெடவில்லை. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அதை ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். நிறுத்திப் பார்ப்பது பாதி வேலை, திரும்பக் கொடுத்து அளப்பது மீதி வேலை என்று அவர் காட்டிய வழியில்தான் இன்றைய மருத்துவமும் நடக்கிறது.

வேலூர் சொன்ன கணக்கு

“இதெல்லாம் வடக்கத்திக்காரங்க வியாதி, நமக்கு எதுக்கு?” என்று கேட்பவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளில் 23,331 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கோவிந்த் மக்காரியாவும் அதில் முக்கியப் பங்காற்றினார்கள். வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேருக்குச் சீலியாக். வடகிழக்கே 4.66. தெற்கே 0.11, பத்தாயிரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் இருக்கும் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்க்கு அடித்தளமான மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்கே 36.4 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாளில் சாப்பிடும் கோதுமையோ வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே வெறும் 25 கிராம். விதை இங்கேயும் அதே அளவு கிடக்கிறது. இதுவரை அதிகம் முளைக்காமல் இருந்ததற்கு நம்முடைய சோறு ஒரு காரணமாக இருக்கலாம். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவைப் பார்க்கிறவர்களுக்கு அந்த 25 கிராம் அப்படியே நீடிக்கும் என்று தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

அரிதான நோய் என்பதாலேயே இங்கே சோதனை இன்னும் அவசியமாகிறது. காரணம் வேலூரிலேயே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோய்போலப் பரவியது. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் வருடக்கணக்கில் அதை ஆராய்ந்தார்கள். ‘டிராபிகல் ஸ்புரூ’ என்று அதற்குப் பெயர். குடல் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சீலியாக் நோய்போலவே குடலுறிஞ்சிகள் மழுங்கியிருக்கும். ஆனால் அதற்குக் கோதுமை காரணமில்லை. டெட்ராசைக்ளின் மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடியது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் குடலுறிஞ்சிகளைக் கெடுக்கும். குடல் காசநோயும் எடை குறைவு, வயிற்றுவலி, ரத்தசோகை என்று இதே முகத்தோடு வரும். சில மாத மருந்தில் தீர வேண்டிய நோயை வைத்துக்கொண்டு, “எனக்குக் குளுட்டன் ஒத்துக்காது” என்று சொல்லி ஒருவர் காலத்தை ஓட்டினால் அது எத்தனை பெரிய இழப்பு! காசநோயாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கோதுமையை விட்டதும் வயிறு அடங்குவதற்குச் சீலியாக் இல்லாத காரணங்களும் உண்டு. கோதுமையில் ‘ஃப்ரக்டான்’ என்ற மாவுச்சத்து இருக்கிறது. வெங்காயம், பூண்டிலும் அது உண்டு. சிலருக்கு அது செரிக்காமல் புளித்து வாயுவாகும். பரோட்டாவை விட்டவர் அதோடு எண்ணெயையும் சால்னாவையும் இரவு பதினோரு மணிச் சாப்பாட்டையும் சேர்த்தேதான் விட்டிருப்பார். இதில் எது காரணம் என்று வயிறு சொல்லாது.

ஏற்கெனவே விட்டவர்களுக்கு என்ன வழி?

விட்டுச் சில வாரம்தான் ஆகிறது என்றால் தாமதிக்காமல் ரத்தம் கொடுத்துவிடலாம். எதிர்ப்பொருள் உடனே மறைவதில்லை. அப்போதும் டி.டி.ஜி. உயர்ந்தே இருந்தால் அது வலுவான தடயம். கூடவே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் புரதத்தின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்தப் புரதமே ரத்தத்தில் இருக்காது. அவர்களுக்கு வழக்கமான பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு முதல் படி மரபணுப் பரிசோதனை. எச்.எல்.ஏ. டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது. என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மரபணு மாறாது. இரண்டுமே இல்லை என்று வந்தால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம். கோதுமை தின்று பார்க்க வேண்டிய துன்பம் மிச்சம். விலை கூடுதல், மாதிரியைப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், ஆனாலும் பலருக்கு இது லாபம்தான். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இருக்கிறது என்று வந்தால் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. வேலூர்க் கணக்கின்படி நம்மில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அந்த மரபணுவோடுதான் நடமாடுகிறோம்.

மரபணு இருக்கிறது என்றால் அடுத்தது மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி கோதுமை சாப்பிடுவது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளுட்டன் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் குளுட்டன் இரண்டு வாரம் சாப்பிட்டாலே பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் மாற்றம் தெரிந்துவிடுகிறது என்று அமெரிக்காவின் லெஃப்லர் குழு 2013-இல் காட்டியது. தாங்க முடிந்தவர்கள் எட்டு வாரம் வரை நீட்டலாம். அந்த ஆய்வில் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்பொருள் இரண்டாம் வாரம் லேசாகத்தான் உயர்ந்தது. கோதுமையை மறுபடி நிறுத்திய பிறகும் ஏறி, நான்காம் வாரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. அவசரப்பட்டு முன்கூட்டியே ரத்தம் கொடுத்தால் மறுபடியும் அதே குழப்பம்.

நம் சமையல் கணக்கில் இது எவ்வளவு? நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு 25 முதல் 30 கிராம் மாவு போகும். அதில் குளுட்டன் ஏறக்குறைய 2 கிராம். தினமும் இரண்டு சப்பாத்தி போதும். பரோட்டாவைத் தேடி ஓட வேண்டியதில்லை. எண்ணெய் வயிற்றைக் கலக்கினால் எது எதனால் என்று மறுபடி தெரியாமல் போகும். எளிமையான சப்பாத்தியோ கோதுமை ரவைக் கஞ்சியோ நல்லது.

இதை யாரும் வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது. கோதுமை அலர்ஜியால் மூச்சுத் திணறல் வந்தவர்கள் தொடவே கூடாது. அது வேறு நோய். கர்ப்பிணிகளுக்கு உகந்ததில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வயதுக்கு வரும் பருவத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கும் தள்ளிப்போடச் சொல்வார்கள். மற்றவர்களுக்கும் வயிற்றுப்போக்கு, வாந்தி, களைப்பு வரக்கூடும். அதனால்தான் தேர்வு, கல்யாணம், பயணம் இல்லாத நாளாகப் பார்த்து வைக்கிறார்கள். நான் சொன்ன பி.எட். மாணவிக்கு மரபணு இருக்கிறது என்று வந்துவிட்டது. தேர்வு முடிந்து விடுமுறையில் தொடங்கலாம் என்று மருத்துவரும் அவளும் பேசி வைத்திருக்கிறார்கள். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். பேத்தி மறுபடி சப்பாத்தி சாப்பிடப் போகிறாள் என்று மட்டும்தான் அதற்குப் புரிந்திருக்கிறது.

முடிவில் எண்டோஸ்கோப்பி. முன்சிறுகுடலில் ஒன்றுக்குப் பல இடங்களில் துணுக்கு எடுக்க வேண்டும், நான்குக்குக் குறையாமல். நோய் திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே துணுக்கில் தப்பிவிடும். கண்ணுக்குக் குடல் நன்றாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுத்தால்தான் முடிவு. சிறுவர்களுக்கு டி.டி.ஜி. அளவு இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் உறுதிசெய்தால் துணுக்கு இல்லாமலே முடிவு செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் 2020-இல் வழிகாட்டினார்கள்.

கோதுமை சாப்பிடாமலே கண்டுபிடிக்கும் நாள் வெகுதூரத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் 2025-இல் ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதினார்கள். ரத்தத்தைக் குழாயில் எடுத்து, அதிலேயே குளுட்டனைக் கலந்து, ரத்த அணுக்கள் சீறுகின்றனவா என்று பார்ப்பது. பத்தியத்தில் இருப்பவர்களிடமும் அது வேலை செய்தது. நம்மூர் மருத்துவமனைகளில் அது வழக்கத்துக்கு வரும்வரை மேலே சொன்ன வழிதான்.

விட்டது உண்மையில் விட்டதுதானா?

கோதுமையை விட்டேன் என்று சொல்பவர்களின் அடுக்களையில் பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயப் பால் தனியாகக் கையாள முடியாத அளவுக்குக் காட்டமானது. அதனால் மாவும் கருவேலம்பிசின் போன்ற பிசினும் சேர்த்துத்தான் பொடியாக்குகிறார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறது. உடம்பு சரியில்லை என்று தரும் ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும்தான் இருக்கின்றன. ரவா தோசை தோசைதானே என்று சாப்பிடுபவர்கள் உண்டு.

அடுத்தது மாவு மில். கடைத்தெரு மில்லில் ஒரே இயந்திரத்தில் கோதுமையும் கேழ்வரகும் கம்பும் அரைபடும். முன்னால் வந்தவரின் கோதுமை மாவு கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். அடுத்து அரைக்கிறவரின் கேழ்வரகோடு சேர்ந்து வரும். சத்து மாவு அரைக்கக் காத்திருக்கும் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை, நினைக்கவும் தேவையில்லை. சீலியாக் நோயாளி நினைத்தாக வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன், மூன்று மாதம் உள்ளே போனால் குடல் கெடுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். ஒரு சப்பாத்தியை நாற்பது துண்டாகக் கிழித்தால் அதில் ஒரு துண்டு. குளுட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பது இதற்காகத்தான்.

“நான்தான் நன்றாக இருக்கிறேனே, எதற்குப் பரிசோதனை?” என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. சீலியாக் என்று தெரிந்தவர் பெருங்காயத்தையும் மில்லையும் பார்ப்பார். தெரியாதவர் பரோட்டாவை மட்டும் விட்டுவிட்டு, கல்யாண வீட்டில் ஒரு நாள் பரவாயில்லை என்று சாப்பிடுவார். வலி இல்லாமலே குடல் கெட்டுக்கொண்டிருக்கும். உறுதியானவருக்கு எலும்பின் அடர்த்தி, தைராய்டு, வைட்டமின் அளவுகளைக் காலாகாலத்தில் பார்ப்பார்கள். அவருடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கக்கூடும். அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். பத்தியம் தொடங்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கோதுமையை நிறுத்திவிடுவது வழக்கம். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் முன் அப்படிச் செய்தால் அவர்களும் அதே முட்டுச்சந்தில் வந்து நிற்பார்கள்.

நோய் இல்லை என்று உறுதியானவருக்கும் லாபம் உண்டு. கிலோ நூற்றுக்கணக்கில் விற்கும் ‘குளுட்டன் ஃப்ரீ’ மாவும் பிஸ்கட்டும் வாங்க வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சாப்பிடலாம். உண்மையான காரணத்தைத் தேடிப் போகலாம்.

கோதுமை இல்லாமல் வாழ்வது நமக்குக் கஷ்டமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கே ரொட்டியை விட்டால் தட்டில் பாதி காலி. இங்கே இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு அடை, கம்பங்கூழ், தினைப் பொங்கல் எல்லாம் காத்திருக்கின்றன. பத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் நம் மக்கள் பரிசோதனைக்கு முன்பே அதில் இறங்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெரும்பாலோருக்கு உணவும் உதிரப்போக்கும்தான் காரணமாக இருக்கும். மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறாத பெண்ணுக்கும், வளர்ச்சி நின்ற குழந்தைக்கும் டி.டி.ஜி. பரிசோதனை விருத்தாசலம், சிதம்பரம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். மங்கலம்பேட்டையிலிருந்து புதுச்சேரிக்கும் வேலூருக்கும் பஸ் ஏறினால்தான் விடை கிடைக்கும் என்ற நிலை மாற வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், இன்றைக்கு நிறுத்தாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே போய் மருத்துவரைப் பாருங்கள், ரத்தம் கொடுங்கள், பிறகு நிறுத்துங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.